வீட்டுக்குள் கஞ்சாச் செடி, பூக்கும் வரை: வடசென்னையில் கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை பக்கத்திலிருந்து என் வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் காலேஜ் பையன்களும் உண்டு, அவர்களைப் பெற்றவர்களும் உண்டு. எப்படி வளர்ப்பது என்ற பாடம் இங்கே கிடையாது. வளர்த்தால் சட்டம் அதை எப்படிப் பார்க்கும், போலீஸ் கதவைத் தட்டினால் என்ன நடக்கும், கூட இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் எழுதியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம். ஏற்கெனவே வழக்கு ஓடுகிறது என்றால் எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் போங்கள்.

ஒரே ஒரு தொட்டி, ஒரே ஒரு செடி. விற்பதற்கு இல்லை, எனக்கு மட்டும்தான். அதுவும் குற்றமா சார்?

குற்றம்தான். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், எல்லோரும் என்.டி.பி.எஸ். என்று சொல்வது, அதன் 8-ஆம் பிரிவிலேயே கஞ்சாச் செடி பயிரிடக் கூடாது என்று சொல்லிவிடுகிறது. தண்டனை 20(ஏ)-யில் இருக்கிறது: பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 'சொந்த உபயோகம்' என்ற விலக்கு அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. இத்தனை செடி வரை பரவாயில்லை என்ற கணக்கும் இல்லை. மலையில் ஏக்கர் கணக்கில் போட்டவனும் எம்.கே.பி. நகர் வீட்டு அலமாரிக்குள் ஒரு தொட்டி வைத்தவனும் ஒரே பிரிவில்தான் வருவார்கள். எவ்வளவு தண்டனை என்பதில் நீதிபதி வித்தியாசம் பார்ப்பார். எந்தக் குற்றம் என்பதில் வித்தியாசமே கிடையாது.

ஒரு கிலோ வரைக்கும் சின்ன கேஸ், ஃபைனோடு போய்விடும் என்கிறார்களே?

இந்த ஒரு நம்பிக்கைதான் நிறைய பேரைக் கவிழ்க்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கிலோ, இருபது கிலோ என்ற கணக்கு உண்மைதான். மத்திய அரசு 2001 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையில் கஞ்சாவுக்குச் 'சிறிய அளவு' ஒரு கிலோ, 'வணிக அளவு' இருபது கிலோ. ஒரு கிலோவுக்குள் கையில் வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல், இருபது கிலோவுக்குள் என்றால் பத்து ஆண்டு வரை. இருபது கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்து ஆண்டு, கூடுதலாக இருபது ஆண்டு.

ஆனால் இந்த மூன்று படிகளும் 20(பி)-யில் இருக்கின்றன. வைத்திருப்பது, வாங்குவது, விற்பது, கொண்டுபோவது ஆகியவற்றுக்குத்தான் அந்தப் படிகள். பயிரிடுவது 20(ஏ)-யில் தனியாக நிற்கிறது. அங்கே எடை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தராசே தேவைப்படாத குற்றம் அது. அரை அடி உயரச் செடியாக இருந்தாலும் 'சிறிய அளவு' என்ற சலுகையை அங்கே கேட்க முடியாது.

ஏரியாவில் பொட்டலம் வாங்கப் போனால் போலீஸ் நிற்கிறது. வீட்டிலேயே வளர்த்தால் பாதுகாப்பு இல்லையா அண்ணா?

மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் பாருங்கள். பத்து கிராம் பொட்டலத்தோடு மாட்டியவனுக்கு உச்சபட்சம் ஓராண்டு. ஒரு தொட்டி வைத்தவனுக்கு உச்சபட்சம் பத்து ஆண்டு. பாதுகாப்பு என்று நினைத்துப் போகிற வழியில் தண்டனை பத்து மடங்கு ஏறுகிறது. இது நியாயமா என்று கேட்டால், என் கருத்தில் நியாயம் இல்லை. ஒரு செடிக்கும் ஒரு தோட்டத்துக்கும் சட்டம் ஒரு கோடாவது போட்டிருக்க வேண்டும். ஆனால் என் கருத்தை வைத்து யாரும் ஜாமீன் தரப்போவதில்லை.

பொட்டலம் பத்து நிமிடத்தில் கை மாறிவிடும். செடி அப்படியில்லை, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். அந்த மாதங்களில் வீட்டுக்கு வருகிற போகிற நண்பன், அவன் எடுத்த போட்டோ, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்தவர் என்று சாட்சிகள் சேர்ந்துகொண்டே போவார்கள். நான் பார்த்த அளவில் இப்படிப்பட்ட வழக்குகள் போலீஸின் துப்பறியும் திறமையால் தொடங்குவதில்லை. நண்பர்களுக்குள் சண்டை வந்தால் அடுத்த நாள் தகவல் போய்விடுகிறது.

இன்னும் பூ வரவில்லை. பூ வந்தால்தானே கஞ்சா?

பாதி சரி. சட்டத்தின் வரையறையில் கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. அந்த நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது. இதைப் படித்துவிட்டுத்தான் பலர், பூக்கும் வரை தப்பில்லை என்று முடிவு கட்டுகிறார்கள்.

ஆனால் 'கஞ்சாச் செடி' என்பதற்கு அதே சட்டத்தில் வேறொரு வரையறை இருக்கிறது: அந்தப் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியும். வயது, உயரம், பூ எதுவும் கேள்வியில்லை. 20(ஏ) தண்டிப்பது செடியைப் பயிரிடுவதை. முளைத்து இரண்டு இலை விட்ட நாளிலேயே அந்தப் பிரிவு உள்ளே வந்துவிடும். பூ வந்த பிறகு நிலைமை இன்னும் கெடும். நுனியை வெட்டிக் காய வைத்து டப்பாவில் போட்டிருந்தால் 20(ஏ)-யோடு, கஞ்சா தயாரித்ததற்கும் வைத்திருந்ததற்கும் 20(பி)-யும் சேரும். நாலு நண்பர்களுக்குக் கொடுத்திருந்தால், காசு வாங்கவில்லை என்றாலும், அது வேறு பேச்சாகிவிடும்.

ஆண் செடி என்றால்?

அதே பேரினம். அதே பிரிவு.

விதை ஆன்லைனில் வெளிப்படையாக விற்கிறார்களே?

உணவுக்காக விற்கும் விதை அது. ஹெம்ப் (போதை குறைந்த கஞ்சா வகை) விதை, அதன் எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக விற்க இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் வழிவகை செய்தது. சட்னியில் அரைத்துப் போடலாம். மண்ணில் போட்டால் பயிரிடுதல். வெளிநாட்டிலிருந்து 'இந்த வகை, இவ்வளவு நாளில் பூக்கும்' என்று அச்சடித்த பாக்கெட்டில் வரவழைத்தால், கஸ்டம்ஸ் கையில் சிக்கும்போது எதற்காக வாங்கினீர்கள் என்று விளக்கம் கேட்கவே வேண்டாம், பாக்கெட்டே சொல்லிவிடும்.

யூடியூபில் எல்லோரும் வளர்க்கிறார்களே, அவர்களை யாரும் பிடிக்கவில்லையே?

அவர்கள் இருக்கும் ஊரைப் பாருங்கள். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வீட்டுக்கு நான்கு செடி வைக்கலாம், அங்கேயும் கியூபெக் மாகாணத்தில் வீட்டில் வளர்க்கத் தடை. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒருவருக்கு மூன்று செடி. தாய்லாந்து 2022 ஜூனில் கதவைத் திறந்துவிட்டது, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று பாதி மூடிவிட்டது. அவர்கள் போடும் வீடியோ அவர்கள் ஊர்ச் சட்டத்துக்குப் பொருந்தும். அதைப் பார்த்து ராயபுரத்தில் செய்கிறவனுக்கு அந்த ஊர்ச் சட்டம் துணைக்கு வராது.

இந்தியாவுக்குள்ளும் உத்தரகாண்ட் போன்ற மாநிலங்களில் நாருக்காகவும் விதைக்காகவும் ஹெம்ப் பயிரிட உரிமம் தருகிறார்கள். போதை தரும் வேதிப்பொருள் மிகக் குறைவாக உள்ள வகைக்கு, 14-ஆம் பிரிவின் கீழ், நிபந்தனைகளோடு. வீட்டு மொட்டைமாடிக்கோ படுக்கையறைக்கோ கொடுக்கும் உரிமம் இல்லை அது.

'ஹைட்ரோபோனிக் கஞ்சா' என்று பேப்பரில் போடுகிறார்கள். அதற்குத் தனித் தண்டனையா?

இல்லை. மண் இல்லாமல் சத்துக் கலந்த நீரில், அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளர்த்தது என்பதுதான் பொருள். பாங்காக்கிலிருந்து வரும் விமானங்களில் மீனம்பாக்கத்தில் பிடிபடுவதாகச் செய்தி வருவது பெரும்பாலும் இந்த வகை. விலை பல மடங்கு என்பதால் செய்தியில் கோடி கோடியாக எழுதுகிறார்கள். சட்டம் விலையைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் இறக்குமதிக்கான 23-ஆம் பிரிவும் கஸ்டம்ஸ் சட்டமும் சேரும். இங்கேயே வளர்த்தால் மண்ணா தண்ணீரா என்ற வித்தியாசம் இல்லாமல் 20(ஏ)தான். 'பயிரிடுவது என்றால் நிலத்தில்தானே' என்று வாதாடலாம் என ஒரு பையன் எனக்கே யோசனை சொன்னான். வாதாடுவது என் வேலை. உள்ளே இருப்பது அவனாக இருக்கும்.

போலீஸ் வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும்? நடு ராத்திரியில் வரலாமா?

42-ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அதிகாரி தனக்குக் கிடைத்த தகவலை எழுத்தில் பதிவு செய்துவிட்டு, சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில் வாரன்ட் இல்லாமல் நுழைந்து சோதனை போடலாம். இரவிலும் வரலாம், ஆனால் வாரன்ட் வாங்கப் போனால் பொருள் மறைக்கப்பட்டுவிடும் என்று நம்பியதற்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும். இந்தத் தாள்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதில்தான் பல வழக்குகள் நிற்கின்றன, விழுகின்றன.

உங்கள் உடம்பில் சோதனை போடுவதானால், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும். அது 50-ஆம் பிரிவு. அறைக்கும் அலமாரிக்கும் பைக்கும் அந்தப் பிரிவு பொருந்தாது.

செடியைப் பிடுங்குவதை நேரில் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும், சினிமாவில் வருகிற பரபரப்பு எதுவும் இருக்காது. வேரோடு இழுப்பார்கள். தொட்டி மண் தரையில் கொட்டும். மண்ணை உதறிவிட்டு, செடியைச் சாக்கில் அல்லது செய்தித்தாளில் சுற்றுவார்கள். விளக்கு, டைமர், விசிறி, உர பாட்டில் என்று ஒவ்வொன்றாக மகஜரில், அதாவது பறிமுதல் பட்டியலில், எழுதுவார்கள். கூப்பிட்டு வந்த இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடுவார்கள். மேலே நூல் கட்டி அரக்கு முத்திரை வைப்பார்கள். அரக்கு காய்ச்சும் வாடைதான் அந்த அறையில் கடைசியாக நிற்கும். பிறகு மாஜிஸ்திரேட் முன்னிலையில் மாதிரி எடுத்து, மயிலாப்பூரில் இருக்கும் தடய அறிவியல் துறைக்கு அனுப்புவார்கள். மாதிரி எடுக்கும் முறைக்கு 2022 டிசம்பரில் தனி விதிகளே வந்திருக்கின்றன.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ரிமாண்ட் ஆனால் சென்னை ஆண்களுக்குப் பெரும்பாலும் புழல் மத்திய சிறை 2. விசாரணை சிறப்பு நீதிமன்றத்தில்.

இன்னொன்று. ஸ்டேஷனில் எழுதி வாங்கிய வாக்குமூலத்தை நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். 67-ஆம் பிரிவின் கீழ் அதிகாரிகளிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பு சொல்லிவிட்டது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு. நம்ம மாநிலத்திலிருந்து போன வழக்குதான் அது. அதற்காக எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடாதீர்கள். வக்கீல் வரும் வரை பெயர், முகவரி சொன்னால் போதும்.

நான் வேலைக்குப் போயிருக்கும்போது அம்மாதான் தண்ணீர் ஊற்றினார்கள். அவர்களையும் பிடிப்பார்களா?

பிடிக்கலாம். இந்தச் சட்டத்தில் 35-ஆம் பிரிவும் 54-ஆம் பிரிவும் மற்றச் சட்டங்களைப் போல அல்ல. குற்ற எண்ணம் இருந்தது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் மேல் விழும். ஏதோ பூச்செடி என்று நம்பித் தண்ணீர் ஊற்றிய அம்மாவுக்கு நல்ல வாதம் இருக்கிறது. செடி இருக்கிறது என்பதையோ என்ன செடி என்பதையோ அறியாதவர் மேல் குற்றம் நிற்காது. ஆனால் அந்த வாதம் எடுபடும் வரைக்கும் அவர்கள் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். கூட்டுக் குடும்பமாக இரண்டு அறைக்குள் ஆறு பேர் இருக்கும் லைன் வீட்டில், 'அது என் ரூம் சமாச்சாரம்' என்று சொல்ல ஏது தனி ரூம்?

மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறேன். பையன்கள் உள்ளே வளர்த்தால் எனக்கும் கேஸா?

தெரிந்தே இடம் கொடுத்தால் 25-ஆம் பிரிவின் கீழ் உங்களுக்கும் தண்டனை உண்டு. தெரியாமல் என்றால் இல்லை. அந்தத் 'தெரிந்தே' என்பதைச் சுற்றித்தான் எல்லா விவாதமும். எழுத்தில் வாடகை ஒப்பந்தம் போடுங்கள், ஆதார் நகல் வாங்கி வையுங்கள். சந்தேகம் வந்தால் நீங்களே பூட்டை உடைத்து உள்ளே போகாதீர்கள். அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டு 'காலி பண்ணு, நான் யாரிடமும் சொல்லவில்லை' என்று பேரம் பேசினால், பின்னால் உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே ஆதாரமாகிவிடும். தகவல் சொல்ல மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் 1933, தமிழ்நாடு மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் 10581, இரண்டும் இலவச எண்கள்.

ஜாமீன் கிடைக்குமா?

கிடைக்கக் கூடும். ஜாமீனைக் கிட்டத்தட்ட முடக்கிவிடும் 37-ஆம் பிரிவு, வணிக அளவுக்கும் வேறு சில பிரிவுகளுக்கும்தான். ஒன்றிரண்டு தொட்டி அதில் வராது. ஆனாலும் இது போலீஸ் ஸ்டேஷனிலேயே ஜாமீன் தரும் குற்றம் அல்ல. சிறப்பு நீதிமன்றத்தில் மனு போட்டு, அரசு வக்கீல் எதிர்ப்புத் தெரிவித்து, அதன் பிறகு முடிவாகும். முதல் வழக்கா, படிக்கிற பையனா, விற்றதற்கு அடையாளம் உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100-க்குப் போன் செய்யுங்கள். சிறையில் இருப்பவருக்கு இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு.

குண்டாஸ் போடுவார்களா?

1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டம், அதுதான் குண்டாஸ், அதில் போதைப்பொருள் குற்றவாளிகள் என்ற வகை இருக்கிறது. விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். திரும்பத் திரும்ப விற்பவர்கள் மேல் போடுவதுதான் வழக்கம். ஒரு தொட்டிக்காகப் போட்டால் ஆட்கொணர்வு மனுவில் எதிர்க்கலாம்.

பையனுக்குப் பதினேழு வயதுதான்.

சிறார் நீதிக் குழுமத்தின் முன்தான் போகும், பெரியவர்களின் சிறைக்கு அனுப்ப முடியாது. வயதுச் சான்று, பள்ளிச் சான்றிதழ் இரண்டையும் முதல் நாளே கொண்டுபோங்கள். அவனுக்குப் பழக்கிவிட்ட பெரியவர் யாராவது இருந்தால், குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுத்ததற்கு 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு.

மாடித் தோட்டத்தில் புளிச்சக்கீரை போட்டிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பயமாக இருக்கிறது மேடம் என்று என் ஜூனியரிடம் ஒரு அம்மா அழுதார்கள்.

பயப்பட வேண்டாம். புளிச்சக்கீரை இலையும் விரல் விரித்த மாதிரி இருப்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவர் ஏமாறலாம். கிட்டே போய்ப் பாருங்கள். கஞ்சாவில் ஒவ்வொரு விரலும் காம்பு வரை தனித்தனிச் சிற்றிலையாகப் பிரிந்திருக்கும், ஓரம் ரம்பம் போல இருக்கும். புளிச்சக்கீரை ஒரே இலை, நடுவில் ஒட்டியே இருக்கும், தண்டில் சிறு முள் தட்டுப்படும். பூவைப் பார்த்தால் சந்தேகமே வராது: செம்பருத்தி போல அகலமாக, இளமஞ்சளில், நடுவில் கருஞ்சிவப்பாக இருக்கும். கஞ்சாவுக்கு அப்படி இதழ் விரித்த பூவே கிடையாது. எஸ்.ஐ. வந்தால் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக் காட்டுங்கள். புளிப்பு போதும்.

வீட்டுக்குப் பின்னால் தானாக முளைத்திருந்தால்?

தானாக முளைத்ததைப் பயிரிட்டதாகச் சொல்ல முடியாது. இன்னார்தான் வளர்த்தார் என்பதற்குச் சான்று வேண்டும் என்று அலக் ராம் எதிர் உத்தரப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்திருக்கிறது. ரயில்வே லைன் ஓரத்து மண்ணில் முளைத்தால் இந்தத் தீர்ப்பு உதவும். டைமர் வைத்த விளக்குக்குக் கீழே தானாக முளைத்தது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

அப்பாவுக்குப் புற்றுநோய். வலிக்கு நல்லது என்று படித்தேன். மருந்துக்காக வளர்க்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் சட்டப் பிரிவைச் சொல்லி அனுப்புவது கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் வீட்டில் வளர்க்க மருத்துவ விலக்கு இல்லை.

வீட்டுச் செடியில் வேறு ஆபத்தும் உண்டு. எண்ணூர், காசிமேடு, திருவொற்றியூர் கடற்காற்றின் ஈரத்தில் மூடிய அறைக்குள் வளரும் எதிலும் பூஞ்சை பிடிக்கும். கீமோ எடுத்து எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் பூஞ்சை படிந்ததைப் புகைத்தால் நுரையீரல் தொற்று வந்து உயிருக்கே வினையாகலாம். எவ்வளவு வீரியம் என்று தெரியாத ஒன்றை, ஏற்கெனவே பத்து மாத்திரை சாப்பிடுபவருக்குக் கொடுப்பதும் அப்படித்தான்.

சட்டப்படி இருக்கும் வழி இரண்டு. ஒன்று, இந்தச் செடியின் இலையைச் சேர்த்து உரிமம் பெற்ற நிறுவனங்கள் செய்யும் ஆயுர்வேத, சித்த மருந்துகள். தகுதியுள்ள மருத்துவர் எழுதிக்கொடுக்க வேண்டும். இரண்டாவது, வலிக்கு மார்ஃபின். 2014-இல் இதே சட்டத்தைத் திருத்தி, வலி நிவாரண மருந்து நோயாளிக்குக் கிடைப்பதை எளிதாக்கினார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை தரும் பெரிய அரசு மருத்துவமனையில் வலி நிவாரணப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். பல குடும்பங்கள் இதைக் கேட்காமலேயே நோயாளியை வலியோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகின்றன.

சித்தர்கள் பயன்படுத்திய சிவமூலிகைதானே இது?

சித்த மருத்துவத்தில் இடம் உண்டு, மறுக்கவில்லை. வெள்ளைக்காரன் 1893–94-இல் ஒரு ஆணையமே போட்டு விசாரித்து, மிதமான பயன்பாட்டைத் தடை செய்யத் தேவையில்லை என்றுகூட எழுதி வைத்தான். 1985-க்குப் பிறகு அந்த வாதம் நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டியது. சிறப்பு நீதிமன்றத்தில் சொன்னால் நீதிபதி கேட்டுவிட்டு அடுத்த வாய்தா தேதி கொடுப்பார்.

மகன் ரூமில் செடியைப் பார்த்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

கத்தாதீர்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சண்டை போட்டால் மறுநாள் தெருவுக்கே தெரியும். பிடுங்கிப் பையில் போட்டு ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு போகவும் வேண்டாம், வழியில் செக்கிங் இருந்தால் கொண்டுபோனவர் நீங்கள். முதலில் ஒரு வக்கீலை நேரில் பாருங்கள். நீங்கள் அவரிடம் சொல்வது வெளியே போகாது.

பிறகு மகனோடு உட்காருங்கள். தினமும் எடுக்கிறானா, இல்லாமல் தூக்கம் வருவதில்லையா, காசுக்காகக் கொடுக்கிறானா, யூடியூப் பார்த்து ஆசையில் வைத்ததா என்பதைப் பொறுத்து அடுத்த படி மாறும். தனக்குத்தானே பேசுவது, யாரோ கண்காணிக்கிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொள்வது போன்றவை இருந்தால் அது சட்டப் பிரச்சினை இல்லை, மருத்துவப் பிரச்சினை. இளவயதில் அடிக்கடி எடுப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு கூடுகிறது, குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் இன்னும் கூடுகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கோ, பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ போங்கள். கீழ்ப்பாக்கம் என்று சொல்லவே நம்ம பக்கம் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தில் ஆறு மாதம் போய்விடுகிறது.

சிகிச்சைக்குப் போனால் அங்கிருந்தே போலீஸுக்குச் சொல்லிவிடுவார்களா?

சிகிச்சை தருவதுதான் அவர்கள் வேலை. 64ஏ பிரிவு இன்னொரு படி மேலே போகிறது: உட்கொண்டதற்கோ சிறிய அளவுக்கோ வழக்கு இருந்தாலும், தானாக முன்வந்து அரசின் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். கவனியுங்கள், பயிரிட்ட குற்றத்துக்கு இந்த விலக்கு இல்லை. வெறுமனே புகைத்தவனுக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு, செடி வைத்தவனுக்குத் திறப்பதில்லை. போனில் பேச 14446, போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண். மனநலத்துக்கு 14416, தமிழிலும் பேசுவார்கள்.

வடசென்னை என்பதால்தான் இவ்வளவு கெடுபிடியா?

சட்டத்தில் பின்கோடு கிடையாது. நடைமுறையில், அட்ரஸில் வியாசர்பாடி என்று இருந்தாலே பைக்கை ஓரம் கட்டச் சொல்வதை நானும் பார்த்திருக்கிறேன், எரிச்சலாகத்தான் இருக்கும். விலை உயர்ந்த விளக்கும் கூடாரமும் வைத்து வளர்க்க வசதி இருப்பது பெரும்பாலும் வேறு ஏரியா ஆட்களுக்கு. ஆனால் வழக்கு வந்த பிறகு நல்ல வக்கீல் வைக்கும் வசதியும் அவர்களுக்குத்தான். நம்ம பையனுக்கு ஜாமீன்தாரர் இரண்டு பேரைத் தேடவே ஒரு வாரம் ஆகிவிடும்.

விளக்கு, கூடாரம், டைமர் எல்லாம் வாங்கிவிட்டேன். இன்னும் விதை போடவில்லை. இதை வைத்திருப்பதே குற்றமா?

வெறும் விளக்கும் துணிக் கூடாரமும் குற்றம் இல்லை, அறைக்குள் கீரை வளர்ப்பவர்களும் அதைத்தான் வாங்குகிறார்கள். பழைய வீட்டு வயரிங்கில் ஒரே ப்ளக்கில் எல்லாவற்றையும் சொருகாதீர்கள், அவ்வளவுதான்.

பூ வரவழைக்கும் ஆசைதான் என்றால் செவ்வந்தி வையுங்கள். இரவு நீளும்போது பூக்கும் செடி அது. சென்னையில் ஜூனில் பகல் பதின்மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு, டிசம்பரில் பதினொன்றரை மணியை ஒட்டி. அந்த வித்தியாசத்தைச் செடி உணர்கிறது. பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் பூவைத் தள்ளிப்போட இரவில் விளக்குப் போடுவார்கள், முன்னால் கொண்டுவரக் கறுப்புத் துணி மூடுவார்கள். உங்கள் டைமருக்கு நல்ல வேலை. பால்கனியில் வைத்த தொட்டி மொட்டே விடவில்லை என்றால் உரத்தைக் குறை சொல்வதற்கு முன், தெருவிளக்கு ராத்திரி முழுக்க அதன் மேல் விழுகிறதா என்று பாருங்கள். மாதவரம் பக்கத்து நர்சரிகளில் நாற்று கிடைக்கும். மொட்டு வரும்போது அசுவினி பிடிக்கும், வேப்பெண்ணெயை ஒரு சொட்டு சோப்போடு தண்ணீரில் கலக்கிச் சாயங்காலமாகத் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.